பிளாஸ்திரி வாசம்

ஆகஸ்ட் மாத ஊர்க் கண்காட்சிக் கூடத்தின் கதவை மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவர்கள் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் ருசி பார்த்து, அட்டை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நோலீன் பெங்கெல்லி தன் ஸ்பாஞ்ச் கேக்குக்கு முன்னால் முதல் பரிசு நீல ரிப்பன் இருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருக்கும். பதினோரு வருஷமாக இருக்கிறது. அவள் நேராக மூலையில் இருந்த, வீட்டில் காய்ச்சிய பீர்களின் மேசைக்குப் போனாள். அவசரமாகப் போகிறாள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, வழியில் இரண்டு ஊறுகாய் ஜாடிகளை நின்று பார்த்தாள்.

அட்டை அங்கே இருந்தது.

"பெங்கெல்லி, எம். கடும் பிளாஸ்திரி வாசம். பாத்திரங்களின் சுத்தத்தைக் கவனிக்கவும்."

கணவர் மெர்வினின் முதல் பெயர் ஒரே ஓர் எழுத்து. குடும்பப் பெயர் மட்டும் முழுசாக, தடித்த கறுப்பு மையில். அடிலெய்டுக்கு வடமேற்கே இருக்கும் கடைனா ஊரில் பெங்கெல்லி என்று ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவள் யார் என்று ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷம் மாவட்ட ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். அறுவை அறைக்கு அவள் கையால் துடைத்தால்தான் பெரிய நர்ஸம்மாவுக்குத் திருப்தி. கோயிலில் சுத்தம் செய்யும் முறைப் பட்டியலை எழுதுகிறவளும் அவள்தான். அவள் வீட்டைப் பார்த்து, சுத்தத்தைக் கவனிக்கவும் என்று ஒருவன் எழுதி, ஊர் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறான்.

இது முதல் தடவை என்றாலாவது மனசு ஆறும். ஆறாவது வருஷம்.

"வழக்கம்போலத்தானா?" என்று கேட்டுக்கொண்டே மெர்வ் வந்தார். கையில் பாதி தின்ற இறைச்சிப் பேஸ்டி. மீசையில் அதன் துணுக்கு.

"வாயைத் துடை முதல்ல" என்றாள் நோலீன்.

நோலீனுக்கும் பீருக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. அவள் தகப்பனார் பழைய மெதடிஸ்ட் சபைக்காரர். ஒன்பது வயதில், ஞாயிறு பள்ளியில், மதுவைத் தொடமாட்டேன் என்று கர்த்தர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டவள் அவள். மற்றப் பிள்ளைகள் பெரியவர்களானதும் அந்தக் காகிதத்தை மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை. கல்யாண விருந்திலும் எலுமிச்சைச் சாறுதான் குடித்தாள். அதற்காக அடுத்தவர் கையிலிருக்கும் தம்ளரை முறைத்துப் பார்க்கிற ஆளும் இல்லை. மெர்வ் குடித்தால் குடிக்கட்டும், அளவு தெரிந்த மனுஷன்.

மெர்வ் வாலரூ துறைமுகத்துக் கோதுமைக் குதிர்களில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். அந்தத் தூசி அவருடைய மூக்கை வாங்கிக்கொண்டது. ரொட்டி கருகினாலும் அவருக்குத் தெரியாது, புகை கண்ணில் பட்டால்தான் தெரியும். முழங்கால் போய் வேலையை விட்டு உட்கார்ந்தபோது, சும்மா இருக்க முடியாமல் வீட்டுக்குள் நடந்து நடந்து நோலீனின் உயிரை எடுத்தார். அடிலெய்டில் இருக்கும் மகள் ஜனீன் அந்த வருஷம் தகப்பன் தினத்துக்கு ஒரு பெட்டி அனுப்பினாள். பெட்டிக்குள் குழாய் வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் பீப்பாய், நீளக் கரண்டி, பீர் காய்ச்சும் மால்ட் பாகு டின், ஒரு பொட்டலம் ஈஸ்ட், சின்னக் கையேடு.

"அப்பா கைக்கு ஒரு வேலையாச்சும்மா" என்றாள் ஜனீன் தொலைபேசியில்.

வேலை யாருக்கு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

முதலில் சலவைத் தொட்டி போனது. புதன்கிழமை துணி துவைக்கப் போனால் தொட்டியில் இருபத்தெட்டு பழுப்பு பாட்டில்கள் மிதந்தன. அடுத்தது அவளுடைய பெரிய வடிகட்டி. அதற்கடுத்து ஒரு ஜோடி புதுக் காலுறை காணாமல் போய், மூலிகை போட்டுக் கட்டிய மூட்டையாகப் பானைக்குள் கொதித்தது. "பழசுன்னு நெனச்சேன்" என்றார் மெர்வ். பாட்டில்களைச் சூட்டில் வைத்தால் கிருமி சாகும் என்று யாரோ சொல்ல, அவளுடைய கேக் அடுப்புக்குள் இருபது பாட்டில்களை அடுக்கிவிட்டார். அன்றைக்கு அவள் கண்காட்சி கேக்குக்கு ஒத்திகை பார்க்கும் நாள். கேக் மாவு கிண்ணத்திலேயே அமுங்கிப்போனது. அன்று மாலை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஜெபம்கூடத் தனித்தனியாகத்தான்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அவர் கழுவுகிற விதம்தான். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பீப்பாயில் ஊற்றுவார். ஊற வைத்துவிட்டுப் போய்க் கிரிக்கெட் கேட்பார். மறுநாள் துணியால் மெதுவாகத் துடைத்து அலசிக் கவிழ்த்துவிட்டு, "முடிஞ்சுது" என்பார்.

"முடிஞ்சுதா? நாரைப் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாமா?"

"தேய்ச்சா பிளாஸ்டிக்ல கீறல் விழும் நோல். கீறலுக்குள்ள கிருமி குடியேறிடும்னு கையேட்டுல போட்டிருக்கு."

"கையேடு எழுதினவன் எத்தனை ஆஸ்பத்திரி கழுவியிருக்கான்?"

அவள் குனிந்து பீப்பாய்க்குள் மோந்து பார்ப்பாள். ஒரு வாசமும் இராது. வாசமே இல்லாவிட்டால் சுத்தம் என்று எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கற்ற பாடம், சுத்தத்துக்கு ஒரு வாசம் உண்டு. அது மூக்கில் சுருக்கென்று ஏற வேண்டும்.

ஆகவே, முதல் தடவையிலிருந்தே அவள் ஒரு காரியம் செய்துவந்தாள். மெர்வ் ஒவ்வொரு புதன்கிழமையும் வாலரூ துறைமுகப் பாலத்துக்குத் தூண்டில் போடப் போவார். வியாழக்கிழமை பீர் காய்ச்சுவதானால், புதன்கிழமை அவர் வண்டி தெருமுனை திரும்பியதும், நோலீன் தன் பிளீச் பாட்டிலை எடுத்துக்கொண்டு சலவை அறைக்குப் போவாள். ஒரு கோப்பை தாராளமாக ஊற்றி, தண்ணீர் விட்டு, மூடியும் கரண்டியும் குழாயும் அதிலேயே போட்டு ஊறவைப்பாள். மத்தியானம் அதைக் கொட்டிவிட்டு அப்படியே கவிழ்த்து உலர விடுவாள். மேலே தண்ணீர் விட்டு அலசமாட்டாள். ஆஸ்பத்திரித் தரையை அலசுவார்களா? தானாக உலர்ந்தால்தான் கிருமிக்குப் பயம் இருக்கும். மெர்விடம் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னால் மனுஷனுக்கு வருத்தமாக இருக்கும், தான் கழுவியது போதவில்லையே என்று. அவர் மானத்தையும் காப்பாற்றி, வீட்டு மானத்தையும் காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

அப்படியும் வருஷா வருஷம் அட்டை வந்தது. அட்டை வரவர, கோப்பை ஒன்றரை ஆனது. பிறகு இரண்டு ஆனது.

இந்த ஆறாவது அட்டைக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் ஊற்றுகிறபோது, டல்ஸி ட்ரெம்பாத் ஆரம்பித்தாள். டல்ஸியின் ஸ்பாஞ்ச் கேக்குக்குப் பதினோரு வருஷமாக இரண்டாவது இடம்.

"நோலீன், அட்டையைப் பார்த்தேன். ஐயோ பாவம். மெர்வ் கொஞ்சம் அப்படித்தான் போல. நீ தனியா எவ்வளவுதான் பார்ப்பே?"

"சர்க்கரை வேணுமா?" என்றாள் நோலீன்.

"ஒண்ணு போதும். சலவை அறையில பூனை கீனை ஏதாவது வருதோ?"

நோலீன் அவளுடைய கோப்பையில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள்.

கோடையும் இலையுதிர்காலமும் போய், அடுத்த வருஷத்துக் குளிர் வந்தது. ஆகஸ்ட் கண்காட்சிக்கு ஜூன் முதல் வாரமே காய்ச்சி வைத்தாக வேண்டும். மெர்வ் ஒரு சாயங்காலம் சூப் குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தத் தடவைதான் கடைசி, நோல். இதுவும் பிளாஸ்திரின்னா பீப்பாயைப் பக்கத்து வீட்டு கிளாரிக்குக் குடுத்துடறேன். அவன் மழைத்தண்ணி பிடிச்சுக்கட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வாசம் தெரியாது, உனக்கும் குடிக்கற பழக்கமில்ல. கிளாரி எதைக் குடுத்தாலும் அருமைங்கறான், அவனை நம்பி என்ன பிரயோஜனம்? எங்க தப்புன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. ஆறு வருஷமா உன் பேரையும் சேர்த்து நாறடிச்சது போதும்."

நோலீன் அவருக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள். பீப்பாய் போனால் இந்த மனுஷன் மறுபடியும் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார், அது வேறு. அன்றிரவு ஜெபத்தில் அவள் கேட்டாள்: ஆண்டவரே, மது காரியத்துக்காக உம்மிடம் கேட்பது சரியோ என்னவோ எனக்குத் தெரியாது, ஆனாலும் இந்த ஒரு பீப்பாயாவது சுத்தமாக இருக்கட்டும்.

புதன்கிழமை அவர் வண்டி திரும்பியதும் பிளீச் பாட்டிலில் இருந்ததைப் பாதிக்குமேல் ஊற்றினாள்.

அன்றைக்குப் பார்த்து வாலரூவில் ஆளைத் தள்ளுகிற காற்று. ஒரு மீன்கூடக் கிடைக்காமல், காலி வாளியோடு பத்தரை மணிக்கே மெர்வ் திரும்பிவிட்டார். நோலீன் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படபடக்கும் போர்வையோடு மல்லுக்கட்டியதில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. போர்வையை ஒருவழியாக அடக்கித் துணிக் கவ்வி மாட்டித் திரும்பியபோது, சலவை அறை ஜன்னல் வழியாக மெர்வின் முதுகு தெரிந்தது. பீப்பாயின் மேல் குனிந்திருந்தார். ஒரு கையில் அவளுடைய பெரிய வினிகர் பாட்டில். மூடி திறந்திருந்தது.

"மெர்வ்! ஊத்தாதே!"

அவர் திரும்பிப் பார்த்தார். பாட்டில் சாய்ந்தபடியே இருந்தது.

"என்ன நோல்? ரெண்டு சொட்டு வினிகர்தானே. உப்புத் தண்ணி வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கு, கிளாரிதான் சொன்னான்..."

"கீழ வை! கீழ வைன்னா வை! வெளியில வா!" அவள் அறுபத்தைந்து வயதில் ஓட்டமாக ஓடினாள். கவ்விகள் மடியிலிருந்து கொட்டின. அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டாள். "ரெண்டும் சேர்ந்தா விஷப்புகை வரும். ஆஸ்பத்திரியில வேலை பார்த்த ஒரு பொண்ணு இப்படித்தான் கலந்து, நாலு நாள் பிராணவாயு வச்சுப் படுத்துக் கிடந்தா."

"எந்த ரெண்டும்? அது நீ அலச விட்ட தண்ணிதானே."

"அது தண்ணி இல்ல. பிளீச்."

"நான் பிளீச் போடலையே."

நோலீன் தரையில் கிடந்த கவ்விகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குமேல் பொறுக்க இல்லை.

"நான் போட்டேன்."

"இன்னிக்கா?"

"எல்லா தடவையும்."

"எல்லா தடவையும்னா?"

"ஆறு வருஷமா. புதன்கிழமை, நீ தூண்டிலை எடுத்துக்கிட்டுப் போனப்புறம்." அவள் நிமிர்ந்தாள். வெட்கம் வரும்போது கூடவே கோபம் வருவது அவள் சுபாவம். "நீ கழுவுற லட்சணத்துக்கு நான் வேற என்ன பண்ணட்டும்?"

மெர்வ் வீட்டுக்குள் போனார். அவள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, பீப்பாயைச் சாய்த்துக் கொட்டினாள். அவர் கையேட்டோடு திரும்பி வந்து, காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தேநீர்க் கறை படிந்த ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

"பிளீச் பயன்படுத்தினால் வாசனை சேர்க்காததை, மிகச் சிறிய அளவில் பயன்படுத்தவும். பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் பலமுறை அலசவும். மிச்சம் இருந்தால் பீரில்..." அவர் நிறுத்தி அவளைப் பார்த்தார். "பீரில் பிளாஸ்திரி வாசம் வரும்."

கொல்லையில் போர்வை படபடத்தது.

"ஆறு வருஷமா இந்தப் பக்கத்தை வாசிக்கிறேன் நோல். ஒவ்வொரு தடவையும், நாமதான் பிளீச்சே தொடறதில்லையேன்னு அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிட்டே இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"என்னன்னு கேட்க? என் பீப்பாய்ல திருட்டுத்தனமா ஆஸ்பத்திரி நடத்துறியான்னா?"

"கத்தாதே. கிளாரி கேட்கப்போறான்."

"கேட்கட்டும்! குழாயைத் துண்டு துண்டாக் கழட்டிப் பல் பிரஷ்ஷால தேய்ச்சேனே! மூடியோட ரப்பர் வளையத்தைக்கூட உருவி எடுத்துக் கழுவினேனே! மனுஷன் வேற என்னத்தைக் கழுவுறது?"

"யார் பல் பிரஷ்?"

மெர்வ் கையேட்டை மூடினார். "பழசுதான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. அதுதான் நோலீனுக்குத் தாங்கவில்லை. இன்னும் நாலு சத்தம் போட்டிருந்தால் அவளும் நாலு போட்டு, கணக்குத் தீர்ந்திருக்கும். மனுஷன் பேசாமல் பீப்பாயை அலசினார். வெந்நீர் காய்ச்சி, ஆறவைத்து, மூன்று தரம், நாலு தரம். அவள் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, இடம் விட்டு நகர்ந்துகொண்டார். "இன்னும் ஒரு தரம்" என்றாள் அவள். "போதும் நோல்." "இன்னும் ஒரு தரம்னா ஒரு தரம்." ஊற்றினார்கள். வியாழக்கிழமை காய்ச்சி ஈஸ்ட் போட்டு மூடியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் விதைக்கிறவனைப் பற்றி. பிளீச்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் நோலீன் பாட்டுப் புத்தகத்தில் தவறான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் டல்ஸி தயாராக இருந்தாள்.

"என்ன மெர்வ், இந்த வருஷமும் காய்ச்சியாச்சா? அடி கிடி பட்டா உன் பீரையே ரெண்டு சொட்டு தடவிக்கலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெர்வும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அவ்வளவுதான். காட்டிக்கொடுக்கமாட்டார். இன்னும் ஆறு வருஷமானாலும் இந்த மனுஷன் அழுக்குப் பட்டத்தைச் சுமந்துகொண்டு, பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு நிற்பார். நோலீனுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"அது மெர்வ் இல்ல, டல்ஸி. நான்."

"எது நீ?"

"பிளாஸ்திரி. ஆறு வருஷமும் நான்தான்."

டல்ஸியின் வாய் திறந்தது. "நீ குடிக்கவே மாட்டியே!"

"குடிக்கல. கழுவினேன். மெர்வ் ஒழுங்காத்தான் கழுவிட்டிருந்தார். நான் அவருக்குத் தெரியாம பிளீச்சை ஊத்தி, அலசாம விட்டேன். எங்க வீட்டுல சுத்தம் தெரியாதது அவருக்கில்ல." பானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேற யாருக்குத் தேநீர்?"

யாரும் கோப்பையை நீட்டவில்லை. அப்புறம் டல்ஸி மெதுவாகக் கேட்டாள்: "கேக் பாத்திரத்தையாவது அலசுவியா, நோலீன்?"

முதலில் சிரித்தது போதகரம்மாதான். பிறகு மண்டபமே சிரித்தது. நோலீன் சிரிக்கவில்லை. அவள் காது சிவந்திருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில், மெர்வ் வண்டியை ஓட்டிக்கொண்டே, "சொல்லணும்னு அவசியமில்ல நோல்" என்றபோது, "ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்று மட்டும் சொன்னாள். வீடு வரும்வரை அன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்டில் கண்காட்சிக் கூடத்தின் கதவு ஒரு மணிக்குத் திறந்தது. இந்தத் தடவை இருவரும் சேர்ந்தே மூலை மேசைக்குப் போனார்கள். மெர்வ் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். நோலீன்தான் வாசித்தாள்.

"பெங்கெல்லி, எம். மூன்றாம் இடம். சுத்தமான மணம். சுத்தமான ருசி. ஆனால் நுரை நிற்கவில்லை. பாட்டிலில் சோப்பு மிச்சம் இருந்திருக்கலாம்."

மூன்றாம் இடம். போட்டியில் நாலு பேர்.

"சோப்பா?" நோலீன் மெதுவாகத் திரும்பினாள். "நான் பாட்டில் பக்கமே வரல. இந்தத் தடவை சத்தியமா நான் இல்ல."

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"கண்காட்சிக்குப் போற ரெண்டு பாட்டிலாச்சேன்னு..." என்று இழுத்தார். "உன் மனசுக்குத் திருப்தியா இருக்கட்டுமேன்னு, நீ பாத்திரம் கழுவற அந்த எலுமிச்சை வாசத் தண்ணியை ஊத்தித் தனியாத் தேய்ச்சேன். அந்த ரெண்டை மட்டும்."

"அலசினியா?"

"ஒரு தரம்."

"ஒரு தரம்!" அவள் குரலுக்கு ஊறுகாய் மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வீட்டுல இருபத்தாறு பாட்டில் நுரை தள்ளிக்கிட்டு நிக்குது. ஊர் பார்க்கிற ரெண்டை மட்டும் சோப்பைப் போட்டுக் கெடுத்துட்டு வந்து நிக்கறே. உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆண்டவரே, என்னதான் பண்றது?"

அந்தச் சத்தத்துக்கு டல்ஸி ட்ரெம்பாத் வந்துவிட்டாள். கையில் அவளுடைய இரண்டாம் பரிசுச் சிவப்பு ரிப்பன், பன்னிரண்டாவது தடவையாக.

"என்ன, மறுபடியும் பிளாஸ்திரியா?"

"இல்ல டல்ஸி, இது என் தப்பு, நான்தான் சோப்பை..." என்று மெர்வ் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு" என்றாள் நோலீன். அட்டையை மேசையிலிருந்து எடுத்து, கை நீட்டி, டல்ஸியின் மூக்குக்கு நேரே பிடித்தாள். நுரை என்று எழுதியிருந்த வரியின்மேல் அவளுடைய கட்டைவிரல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"சுத்தம்னு ரெண்டு தடவை எழுதியிருக்கு. சத்தமாப் படி."

டல்ஸி படித்தாள். கட்டைவிரலையும் பார்த்தாள்.

"விரலை எடு நோலீன்" என்றாள்.

நோலீன் பெருமூச்சு விட்டாள். விரலை எடுத்தாள்.